அவுக பாஷையில் சொன்னது

புருஷன் பெயரை வாயால் சொல்லாத பெண்கள் எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஆதார் எடுக்கிற இடத்தில், ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுகிற இடத்தில், பக்கத்தில் நிற்பவளை முழங்கையால் இடித்து, நீ சொல்லு என்று கண்ணைக் காட்டுவார்கள். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. தமிழில் கேட்டால் செத்தாலும் சொல்ல மாட்டாள், இந்தியில் கேட்டால் பளிச்சென்று சொல்லிவிடுவாள் என்று ஒருத்தி இருந்தாள் பாருங்கள், அதுதான் அதிசயம். அவளோடு இரண்டு வருஷத்துக்கு மேல் ஒன்றாக உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன்.

ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் நான் ரிசப்ஷனில் இருந்தேன். நான் அக்கா என்று கூப்பிடுகிற அவளுக்கு அங்கே ரூம் சுத்தம் செய்கிற வேலை. ஊர் கமுதிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மிளகாய் போட்டு மழை பொய்த்து, மறுபடி போட்டு மறுபடி பொய்த்து, கடைசியில் காட்டைப் பார்க்க வீட்டுக்காரரை விட்டுவிட்டு அவள் இங்கே வந்துவிட்டாள். லாட்ஜ் மொட்டைமாடியில் இருந்த அறையில் தங்கல். மாதத்துக்கு இரண்டு தரம் ஊருக்குப் போவாள். ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்திருந்தாள். நாற்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும்.

ஒருநாள் மேனேஜர் வேலைக்காரர்களுக்கெல்லாம் ஏதோ பாரம் நிரப்பினார். அக்காவிடம் கணவர் பெயர் என்ன என்று கேட்டார். அக்கா தரையைப் பார்த்தாள். இரண்டாம் தரம் கேட்டார். காலால் தரையைத் தேய்த்தாள். மூன்றாம் தரம் அவர் குரலை உயர்த்தவும், இடுப்பில் சொருகியிருந்த பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுத் துடைப்பத்தோடு போய்விட்டாள். நான் சிரித்தேன். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த வாரம், இரண்டாம் மாடி ரூம் ஒன்றுக்குச் சாவி கொண்டுபோனேன். உள்ளே ராஜஸ்தான்காரப் பாட்டியம்மா ஒருத்தி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அக்காவை விசாரித்துக்கொண்டிருந்தாள். எத்தனை பிள்ளை, எந்த ஊர், புருஷன் பெயர் என்ன. அக்கா தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டே பதில் சொன்னாள். பெயர், அப்பா பெயரின் முதல் எழுத்து, குடிக்கிற பீடி உட்படச் சொன்னாள். எனக்குக் கையிலிருந்த சாவி கீழே விழுந்துவிட்டது.

படி இறங்கும்போது அக்காவைப் பிடித்துக்கொண்டேன். மேனேஜர்கிட்ட சொல்லாத பேர அந்தம்மாகிட்டச் சொல்லிட்டியே என்றேன்.

"எங்கன சொன்னேன்? அவுக பாஷையிலதான சொன்னேன். நம்ம பாஷையில சொன்னாத்தான் அவுகளுக்கு ஆயுசு கொறையும்."

"பேரு ஒண்ணுதானக்கா?"

நின்று யோசித்தாள். "பேரு ஒண்ணுதான். சொன்ன வாய் வேறல்ல," என்றாள்.

அந்த வேற வாயைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் பாம்பன் பக்கத்தில் அக்காள்மடத்துக்காரி. தீவில் பிழைக்க வேண்டுமென்றால் இந்தி வேண்டும் என்று எங்கள் அய்யாவுக்கு ஒரு பிடிவாதம். டியூஷன் வைத்து, பரீட்சை மேல் பரீட்சையாக எழுதவைத்தார். எல்லாவற்றிலும் பாஸ். அந்தச் சர்டிபிகேட்டுகளைப் பார்த்துத்தான் லாட்ஜில் வேலையே கொடுத்தார்கள். என் கெத்து அரைநாள்கூட நிலைக்கவில்லை. முதல்நாள் காலையில் ஒரு பீகார்க் குடும்பம் வந்து வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டது. எனக்குப் பதில் முதலில் தமிழில்தான் தோன்றும். அதை இந்திக்கு மாற்ற வேண்டும். தண்ணீர் ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டும். வினைச்சொல்லை அதற்குத் தக்கபடி மாற்ற வேண்டும். நான் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே, பக்கெட்டோடு பின்னால் போன அக்கா திரும்பாமலே "பாஞ்ச் பஜே மாஜி, பாஞ்ச் பஜே" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஐந்து மணிக்காம். அந்தக் குடும்பம் அக்காவைப் பார்த்துக் கும்பிட்டது. என்னை யாரும் பார்க்கவில்லை.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தமிழிலேயே கையெழுத்து மட்டும்தான். லாட்ஜுக்கு வந்த புதிதில் ஒரு வார்த்தை இந்தி தெரியாதாம். கேட்டுக் கேட்டு வந்ததுதான். கேட்பதிலும் ஒரு தினுசு. வார்த்தை வார்த்தையாகப் பிரித்து இதற்கு என்ன அர்த்தம், அதற்கு என்ன அர்த்தம் என்று யாரிடமும் கேட்க மாட்டாள். ஒருத்தி ஒன்றைச் சொல்லி, அதனால் ஒரு காரியம் நடந்தால், அந்தப் பேச்சை முழுசாக அப்படியே தூக்கி வைத்துக்கொள்வாள். சொன்னவளுடைய குரல், கையாட்டல், கழுத்து வெட்டு எல்லாம் அதோடு சேர்ந்து வரும்.

இதில்தான் விஷயம் இருக்கிறது. யாத்திரை வருகிற கூட்டத்தில் வாயைத் திறந்து அதிகாரம் செய்கிறவர்கள் யார்? மாமியார்கள். மருமகளை விரட்டுவது, மகனை அதட்டுவது, பஸ்காரனைத் திட்டுவது, படுக்கை விரிப்பு அழுக்கு என்று உறுமுவது. அக்காவுக்கு இந்தி சொல்லிக்கொடுத்த வாத்தியார்கள் இவர்கள்தான். அதனால் அவளுடைய இந்தியில் கெஞ்சல் என்பதே கிடையாது. கெஞ்சுகிறவர்கள் யாரும் அவள் காதில் விழும்படி பேசவில்லை போல. தமிழில் ஆமாங்க, சரிங்க, பாத்துக்கிறேங்க என்று குனிந்தே இருக்கிறவள், இந்திக்கு மாறியதும் முதுகு நிமிர்ந்துவிடும். இடுப்பில் கை ஏறிவிடும். நான் முதலில் நடிக்கிறாள் என்றே நினைத்தேன்.

ஒருநாள் வரவேற்பறையில் பெரிய ரகளை. ஒரு யாத்திரைக் கூட்டத்துக்குத் தலைவன் மாதிரி வந்திருந்த ஆள், ஆளென்றால் ஆள், கதவு அகலம் இருப்பான், தன் சால்வையைக் காணோம், ரூம் பெருக்கியவள் திருடிவிட்டாள் என்று கத்தினான். மேனேஜர் சார், சார் என்று அவன் பின்னாலேயே ஓடினார். அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். நான் அவளுக்காகப் பயந்தேன். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் நேரே அவன் முன்னால் போய் நின்று, விரலை நீட்டி, பையைத் திற என்றாள். அவன் வாயைப் பிளந்தான். உன் பை இல்லை, உன் பெண்டாட்டி பை என்றாள். திறந்தார்கள். சால்வை மேலாகவே இருந்தது. அதோடு விட்டாளா? கோயிலுக்கு வந்து பொய் சொல்கிறாயே, இத்தனை தீர்த்தத்தில் குளித்தும் உன் வாய் மட்டும் நனையவில்லையா என்று கேட்டாள். அவன் கூட்டத்துப் பெண்களே சிரித்துவிட்டார்கள்.

அவன் போனதும் மேனேஜர், என்னம்மா ஆச்சு, என்ன சொன்ன அவன்ட்ட என்று தமிழில் கேட்டார். அக்காவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. தலை குனிந்தது. ஒண்ணும் இல்லங்க சார் என்றாள், குரலே வெளியே வராமல். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் கர்ஜித்தவள் எங்கே போனாள் என்று நான் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தேன் என்றால் நம்புங்கள்.

இதெல்லாம் சிரிப்புக்கு. சிரிக்க முடியாதது ஒன்றும் நடந்தது.

ராமேஸ்வரம் வயசானவர்கள் வருகிற ஊர். வந்த இடத்தில் போய்விடுகிறவர்களும் உண்டு. ஒரு மத்தியானம், தீர்த்தமெல்லாம் ஆடிவிட்டு ஈர வேட்டியோடு வந்து படுத்த பெரியவர் எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். பெரியவரின் மனைவிக்குத் தெரியாது. தூங்குகிறார் என்று நினைத்து விசிறிக்கொண்டிருந்தாள். மேனேஜர், கைடு, வாட்ச்மேன் எல்லாரும் படிக்கட்டில் நின்று நீ சொல்லு, நீ சொல்லு என்று ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் கேதத்தை நேரடியாகச் சொல்கிற வழக்கமே இல்லை. உடம்புக்கு முடியல, உடனே பொறப்பட்டு வா என்பார்கள். வந்து பந்தலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். என்னைச் சொல்லச் சொன்னார்கள். எனக்கு வார்த்தை தெரியும். வாய் வரவில்லை.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தம்மாவின் கையிலிருந்து விசிறியை வாங்கிக் கீழே வைத்தாள். "மாஜி, பாபா சலே கயே," என்றாள். அவர் போய்விட்டார் அம்மா. அவ்வளவுதான். சுற்றி வளைக்கவில்லை. குரலில் ஒரு நடுக்கம் இல்லை. அந்தம்மா அலறியதும் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். 

இத்தனைக்கும் போன மாதம்தான் எங்களோடு வேலை பார்த்த ஒரு பெண்ணின் அம்மா இறந்த சேதி அக்காவின் போனுக்கு வந்தது. அரைநாள் அவளிடம் சொல்ல முடியாமல் அக்கா பட்ட பாடு! அவளைக் கூப்பிட்டுச் சாப்பிடவைத்தாள், தலைவாரிவிட்டாள், கடைசியில் உங்க ஊரு பஸ்ஸு எத்தன மணிக்கு என்று கேட்டுவிட்டு இவளே அழ ஆரம்பித்துவிட்டாள்.

அன்றைக்கு முடியாதது இன்றைக்கு எப்படியக்கா முடிந்தது என்று கேட்டேன். எனக்குக் கோபமாகக்கூட இருந்தது. இரக்கமே இல்லையா உனக்கு என்றுகூடக் கேட்டிருப்பேன்.

அக்கா சோப்புத் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டே சொன்னாள். "அந்தப் பாஷையில எனக்கு யாரும் செத்ததில்லத்தா."

 அந்த இந்திச் சொல் அவள் அம்மா செத்தபோது யாரும் சொன்ன சொல் இல்லை. அவள் பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது காதில் விழுந்த சொல் இல்லை. அதை வாயில் வைத்தால் அவளுக்குச் சுடவில்லை. நான் எத்தனையோ பாடம் படித்தேன், இதை எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

அதற்குப் பிறகு சில மாதம் போயிருக்கும். மத்தியப் பிரதேசத்திலிருந்து ஒரு டாக்டரம்மா குடும்பத்தோடு வந்து தங்கியிருந்தார். ரூமைக் காலி செய்கிற நாள். என் மேஜைக்கு வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. பில்லில் ஏதோ தப்பு என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். அவர் இந்தியில் கேட்டார். மேலே வேலை செய்கிறாளே, அவளுக்கு மார்பில் கட்டி, நன்றாக முற்றிய கட்டி, இரண்டு வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறாள், நீங்கள் எல்லாம் இங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

 தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று மறுபடி கேட்டேன். அவர் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். நடந்தது இதுதான். அக்கா படுக்கையை உதறும்போது இடது கையைத் தூக்காமல் உதறினாளாம். கையில் என்ன என்று இவர் கேட்டாராம். கையில் ஒன்றும் இல்லை, இங்கே ஒரு கல் இருக்கிறது என்று மார்பைக் காட்டிச் சொல்லிவிட்டு, துண்டு எத்தனை இருந்தது என்று எண்ணிக்கொண்டிருந்தாளாம். இவர் கதவைச் சாத்திவிட்டுத் தொட்டுப் பார்த்து, எத்தனை நாளாக என்று கேட்டதற்கு இரண்டு வருஷம் என்றாளாம். கட்டி என்பதற்கு அவளிடம் இந்தி வார்த்தை இல்லை. கல் என்றிருக்கிறாள்.

நான் இரண்டு இரண்டு படியாக ஏறினேன். அக்கா துணி அடுக்குகிற அறையில் இருந்தாள். என்னக்கா இது என்றேன். எது என்றாள். அந்த டாக்டரம்மா சொன்னாங்களே என்றேன். அவள் முகம் அப்படியே மூடிக்கொண்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். சுளுக்குத்தா, எண்ணெய் தேச்சாச் சரியாப் போயிரும் என்றாள். நான் விடவில்லை. கையைப் பிடித்தேன். உதறிவிட்டுப் போய்விட்டாள். அன்று முழுக்க என் பக்கமே வரவில்லை.

அன்று நான் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு வருஷம் என்றால், நான் வேலைக்குச் சேர்ந்ததும் இரண்டு வருஷம்தான். தினம் மத்தியானம் அந்தத் துணி அறையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். என் மாதவிலக்கு வலி முதல், பெண் பார்க்க வந்தவன் மூக்கு வரைக்கும் நான் கொட்டாத கதை இல்லை. அவளும் பேசாமல் இல்லை. ஆனால் இதைப் பேசவில்லை. பேச அவளுக்குத் தமிழில் சொல் இல்லையா? இருக்கிறது. அந்தச் சொல்லைப் பொம்பளைக்குள்கூட வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று அடித்து வளர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு காரியம் செய்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, அவளைப் பார்க்காமல், என்னுடைய பரீட்சை இந்தியில் கேட்டேன். அக்கா, அந்தக் கல் எப்போதிலிருந்து இருக்கிறது?

அக்கா நிமிர்ந்தாள். என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு சொன்னாள். இரண்டு வருஷமாக. முதலில் புளியங்கொட்டை அளவு இருந்தது. இப்போது எலுமிச்சம்பழம். வலி இல்லை. போன மாதத்திலிருந்து உள்பாடியிலும் ஜாக்கெட்டிலும் கறை படுகிறது. எல்லாவற்றையும், வெந்நீர் ஐந்து மணிக்கு என்பதைப்போலச் சொன்னாள்.  நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அதே இந்தியில் சொன்னேன். "சலோ," என்றாள். போகலாமாம். ரசம் ஊற்றிக்கொண்டாள்.

ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். நல்ல மாதிரி. என்னம்மா செய்யுது என்று கேட்டார். அக்கா தரையைப் பார்த்தாள். ஒண்ணும் இல்லம்மா என்றாள். எங்க வலிக்குது என்றார். எங்கயும் இல்லம்மா. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என் பக்கம் திரும்பி, கடகடவென்று இந்தியில் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"இவங்க வடநாடா?" என்றார் டாக்டர்.

"இல்லங்க டாக்டர். கமுதிப் பக்கம்."

அவர் சீட்டில் எழுதியிருந்த ஊர்ப் பெயரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, சரி, நீ சொல்லு என்று என்னிடம் சொன்னார். இப்படியாக, ஒரு தமிழ்ப் பெண்ணுக்கும் ஒரு தமிழ் டாக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, நான் இந்தியிலிருந்து தமிழுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதைவிட ஒன்று சொல்கிறேன். மார் என்று தமிழில் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் என் நாக்கும் ஒட்டிக்கொண்டது. பிரெஸ்ட் என்றேன். படித்தவள், வாயாடி, அக்காவை அவ்வளவு கேள்வி கேட்டவள், எனக்கும் ஒரு அந்நிய பாஷை தேவைப்பட்டது. அன்றைக்கு அதை நினைத்து வெட்கப்பட்டேன். இன்றைக்கும்தான்.

சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா தமிழில், அன்பாகத்தான், எடுத்துரணும்மா, மதுரைக்கு எழுதித் தாரேன் என்றார். அக்கா எழுந்து, பஸ்ஸு போயிரும் என்று சொல்லிவிட்டு வெளியே நடந்துவிட்டாள். பின்னாலேயே ஓடினேன். வாசல் பெஞ்சில் உட்காரவைத்து அதையே இந்தியில் சொன்னேன். அமைதியாகக் கேட்டாள். ஒன்றா இரண்டா என்றாள். எத்தனை நாள் லீவு, இரண்டாம் மாடியை யார் பார்ப்பார்கள், மிளகாய் பழம் எடுக்கிற சமயத்தில் கையைத் தூக்க முடியுமா என்றாள். பிறகு காய் நறுக்குவதுபோலக் கையை ஆட்டி, "காட் தோ," என்றாள். வெட்டிவிடச் சொல்லு. எனக்கு அழுகை வந்தது. அவள் என்னை ஏன் அழுகிறாய் என்று அதட்டினாள், அந்த மாமியார்க் குரலில்.

மதுரையில் ஆபரேஷனுக்கு முன்னால் வீட்டுக்காரர் வந்தார். மெலிந்த மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். போனில் நான் ஏதோ கட்டி என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவர் வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று என்ன புள்ள உனக்கு என்று கேட்டார். அக்கா அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். நான் அவள் பொய் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கல்லைச் சொன்னாள், இரண்டு வருஷத்தைச் சொன்னாள், கறையைச் சொன்னாள், வெட்டி எடுக்கப்போவதைச் சொன்னாள், உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது என்பதையும் சொன்னாள். முழுக்க இந்தியில். அவருக்கு அதில் ஒரு எழுத்துத் தெரியாது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் மாற்றிச் சொல்ல வாயெடுத்தேன், அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அவள் முடிக்கிற வரைக்கும் அசையாமல் நின்று கேட்டார்.

"சரி புள்ள," என்றார் கடைசியில். கையெழுத்துப் போடுகிற இடம் எது என்று என்னிடம் கேட்டார்.

ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு மருந்து ஏற்றுவதற்கு மாதக் கணக்கில் மதுரைக்கும் ராமேஸ்வரத்துக்குமாக அலைந்தோம். வீட்டுக்காரர் காட்டு வேலை போக முடிந்தபோதெல்லாம் வருவார், மற்ற நாளெல்லாம் நான்தான். திருப்பூரில் மகள் பிள்ளையுண்டாகியிருந்தாள், அவளுக்குச் சொல்லவே கூடாது என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். வாந்தி, வாய்ப்புண், கொத்துக் கொத்தாகக் கழன்ற முடி, ரத்தம் ஏறவில்லை, இன்னும் ஒரு ஊசி என்று எல்லாப் பேச்சும் எங்களுக்குள் இந்தியில்தான் ஓடியது. எனக்கே இந்தி நன்றாக வர ஆரம்பித்துவிட்டது. யோசிக்காமல் பேசினேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட வந்தது, இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

நடுவில் கொஞ்சம் தேறி வேலைக்கு வந்தாள். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, லேசான வேலை. ஆனால் யாத்திரைக்காரர்கள் ஏதாவது கேட்டால் என்னைக் கூப்பிடுவாள். நீ போய்ப் பேசு ஆத்தா, எனக்கு வரல என்பாள். ஒரு தரம் ஒரு மாஜி அவளைத் தட்டிக்கொடுத்து உடம்புக்கு என்ன என்று கேட்டதற்கு, ஊமை மாதிரி கையை விரித்துவிட்டு நகர்ந்துவிட்டாள். அசதி என்றுதான் நான் நினைத்தேன். அசதியாக இருக்காதா பின்னே என்று மேனேஜரிடமும் சொன்னேன்.

ஒரு வருஷம் ஆகுமுன்னே, முதுகு வலி என்று மறுபடி மதுரைக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார். எலும்புக்கும் போய்விட்டது, நுரையீரலுக்கும் போய்விட்டது. எத்தனை நாள் என்று நான் கேட்டேன். சொன்னார். எப்படிச் சொல்லப்போறீங்க அவங்ககிட்ட என்றும் கேட்டார். அதற்கு எங்களிடம் ஒரு வழி இருக்கிறது டாக்டர் என்றேன். அப்படித்தான் நம்பினேன்.

அக்கா மின்விசிறிக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஸ்கேன் கவர். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். படிக்கட்டில் அன்று அந்தப் பெரியவருக்காக அத்தனை ஆம்பளைகளும் பயந்த மாதிரி நான் பயப்படவில்லை. வாக்கியம் தயாராக இருந்தது. "அக்கா, டாக்டர் நே கஹா..." என்று ஆரம்பித்தேன். டாக்டர் சொன்னார்...

அவள் கையை எடுத்து என் வாயைப் பொத்திவிட்டாள். கை சில்லென்று இருந்தது.

"வேணாந்தா. இனி அதுலயும் சொல்லாத."

எனக்குப் புரியவில்லை. அவள் கண்ணைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. "முன்ன மாதிரி இல்ல," என்றாள். "இப்ப அதுலயும் சுடுது."

 சுடாத ஒன்றை அவள் வைத்திருந்தாள். ஒரு வருஷமாக அத்தனையையும் அதில் கொண்டுபோய்க் கொட்டியது நான்தான். இனி எதில் சொல்வேன்? எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக வேறு பாஷை கிடையாது. எதிரே ஒரு நர்ஸ் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அவள் என் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"எத்தனன்னு வெரல்ல காட்டு," என்றாள்.

நான் மூன்று விரலைக் காட்டினேன்.

அவள் அந்த விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"வருசமா, மாசமா?"

அதை விரலால் சொல்ல முடியாது.

"மாசம்க்கா," என்றேன்.